பாய்மரப் படகுக் கேபினில் புழுக்கம்: பந்தலா, விசிறியா, ஏசியா?

வெயில் ஏற ஆரம்பித்ததும் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களிடம் ஒரே கேள்வி சுற்றும்: எத்தனை பி.டி.யு. (ஏசியின் குளிர்விக்கும் திறனைச் சொல்லும் அளவு) ஏசி போடலாம்? அதற்குப் பதில் சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். கேபினுக்குள் சூடு எந்த வழியாக நுழைகிறது? படகு பெரும்பாலான இரவுகளில் எங்கே நிற்கிறது? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பலருக்கு ஏசி என்ற பேச்சே எழாது. சிலருக்கு ஏசியைத் தவிர வேறு எதுவும் உதவாது என்பதும் அப்போதுதான் தெரியும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் போகட்டும். முன் கேபினில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே இருக்கும் உட்கூரையில் உள்ளங்கையை வையுங்கள். வெளியே காற்று இதமாக மாறியிருந்தாலும் கூரை இன்னும் சுடும். அதே கையை இறக்கி, படுக்கைக்கு அடியில் உள்ள லாக்கரில், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் சுவரைத் தொடுங்கள். அது கடல் தண்ணீரின் சூட்டில் இருக்கும். வெப்பமண்டலக் கடல் என்றால் 28 முதல் 30 டிகிரி. ஆக, கேபின் கீழிருந்து காய்வதில்லை, மேலிருந்து காய்கிறது. அந்தக் கூரை நடுநிசி வரை உங்கள் முகத்தின் மேல் சூட்டை வீசிக்கொண்டே இருக்கும். காற்றின் வெப்பநிலை 30 டிகிரி என்று தெர்மாமீட்டர் காட்டினாலும் தூக்கம் வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கணக்கும் அதையே சொல்கிறது. தெளிவான வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். 10 மீட்டர் நீளப் படகின் மேல்தளம் சுமார் 20 சதுர மீட்டர் இருக்கும். அப்படியானால் டெக்கின் மேல் விழுவது 20 கிலோவாட். அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலும் 2 கிலோவாட். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவர் வெளியிடும் சூடு 100 வாட் அளவுதான். சிறிய படகு ஏசி ஒன்று வெளியே தள்ளக்கூடிய சூடு 1.5 கிலோவாட் சொச்சம். வெயிலை டெக்கில் விழவிட்டுவிட்டு உள்ளே ஏசியை ஓட்டுவது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரை இறைத்துக் கொட்டுகிற வேலை.

முதலில் நிழல்

டெக்குக்கு மேலே, டெக்கைத் தொடாமல் விரித்துக் கட்டும் பந்தல்தான் என் பட்டியலில் முதல் இடம். பூமின் (பாயின் அடிப்பகுதியைப் பிடிக்கும் கிடைக்கட்டை) மேல் துணியைப் போட்டு, இரண்டு பக்கமும் லைஃப்லைனுக்கு (டெக்கின் ஓரத்தில் ஓடும் பாதுகாப்புக் கம்பி) இழுத்துக் கட்டுவது வழக்கமான முறை. துணிக்கும் டெக்குக்கும் நடுவே காற்று ஓடும் இடைவெளி இருக்க வேண்டும். துணி சூடாகும், அந்தச் சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், டெக்குக்கு வராது. இடைவெளி இல்லாமல் டெக்கின் மேலேயே துணியைப் பரப்பினால் பாதிப் பலன் போச்சு.

பந்தலுக்கு இன்னொரு பலன் உண்டு. வாங்கும்போது அதை யாரும் யோசிப்பதில்லை. மழை பெய்யும்போதும் ஹாட்சை, அதாவது டெக்கில் உள்ள கூரை ஜன்னலை, திறந்து வைக்கலாம். வெப்பமண்டல இரவுகளில் திடீரென்று பத்து நிமிடம் கொட்டிவிட்டுப் போகும் மழைதான் தூக்கத்தைக் கெடுக்கும். எழுந்து ஓடி ஐந்து ஹாட்சையும் மூடி, உள்ளே வெந்து, மழை நின்றதும் மறுபடி திறக்க வேண்டும். முன் ஹாட்சுக்கு மேலே பந்தல் நீண்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். காற்றின் வேகம் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) என்ற அளவைத் தாண்டினால் பந்தலை இறக்கிவிடுவது நல்லது. படகு நங்கூரத்தில் இழுபடும் விசை கூடும், கண்ணிகள் கிழியும், இருட்டில் படபடக்கும் துணியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பாயை மடித்துப் பிடிக்கும் லேஸி ஜாக் கயிறுகள் குறுக்கே நிற்கும். ஒவ்வொரு முறையும் அவற்றை மாஸ்ட் (பாயைத் தாங்கும் நெடுந்தூண்) பக்கம் ஒதுக்கிக் கட்ட வேண்டும். சோலார் பேனல் பூமுக்குக் கீழே இருந்தால் அதன் மேலும் நிழல் விழும். கட்டுவதற்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகிற பந்தல், நாளடைவில் லாக்கரிலேயே கிடந்து மக்கும். எனவே ஒரே பெரிய துணியைவிட, மாஸ்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டாகத் தைப்பது மேல். மாலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து அடிக்கும்போது தொங்கவிட ஒரு பக்கத் திரையும் இருந்தால் காக்பிட், அதாவது உட்கார்ந்து படகை ஓட்டும் திறந்த இடம், பிழைக்கும்.

பந்தல் வேண்டாம் என்பவர்கள் ஹாட்சுகளை மட்டுமாவது மூட வேண்டும். 50 சென்டிமீட்டர் சதுர அக்ரிலிக் ஹாட்ச் ஒன்றின் வழியாக உச்சி வெயிலில் சுமார் 200 வாட் நேராக மெத்தையின் மேல் இறங்குகிறது. அப்படி நான்கு ஹாட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கான துணி மூடியை வெளியே போடுவதா, பளபளக்கும் குமிழித் தாளை உள்பக்கம் ஒட்டுவதா என்ற கேள்வி வரும். வெளியேதான். உள்பக்கம் ஒட்டினால் ஒளியில் ஒரு பகுதி திரும்பிப் போகும்; மிச்சம் அக்ரிலிக்கைத் தாண்டி வந்து தாளுக்கும் ஹாட்சுக்கும் நடுவே சூடாகி, மெல்ல உள்ளேதான் இறங்கும். படகில் ஆள் இல்லாத நாட்களில் அவசரத்துக்கு உள்பக்கத் தாள் பரவாயில்லை.

டெக்கின் நிறம் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. வெள்ளை நல்லது, தேக்கு அழகு. நண்பகலில் தேக்கு டெக்கில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ஆனால் தேக்குக்கு ஒரு வசதி உண்டு: மாலையில் வாளி வாளியாகக் கடல் தண்ணீர் ஊற்றலாம், மரத்துக்கு அது ஆகும். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துப் போகும் சூடு, 7 கிலோ பனிக்கட்டி உருகும்போது எடுத்துப் போகும் சூட்டுக்குச் சமம். காசில்லாத வைத்தியங்களில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஃபைபர் கிளாஸ் டெக்கிலும் இது வேலை செய்யும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், காலோடு கேபினுக்குள்ளும் வரும் என்பதால் அவ்வப்போது நன்னீரில் கழுவிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வளையும் தன்மையுள்ள கறுப்பு சோலார் பேனலை டெக்கோடு ஒட்டிவிடுவது இப்போது பரவலாகிவிட்டது. விழும் வெயிலில் கால்வாசியைக்கூட அது மின்சாரமாக மாற்றாது. மிச்சத்தில் பெரும்பங்கு சூடாகி, கீழே இருக்கும் கேபினுக்குத்தான் போகும். அதே பேனலைச் சட்டம் அடித்து டெக்குக்கு மேலே தூக்கி வைத்தால், அது மின்சாரம் தரும் பந்தல்.

உட்கூரையைக் கழற்றி, மூடிய துளையுள்ள நுரைத் தகடு ஒட்டுவது அடுத்த படி. நடுவில் பால்சா மரமோ நுரையோ வைத்த டெக் என்றால் அதுவே ஓரளவு காப்பு. வெறும் ஃபைபர் கிளாஸ் பரப்புகளுக்கும், உலோகப் படகுகளுக்கும்தான் இது கட்டாயம். எஃகுப் படகில் காப்பு இல்லாமல் வெயில் நாட்டில் வாழவே முடியாது. வேலை பெரிது, அழுக்கு, வாரக்கணக்கில் போகும். எப்படியும் உட்கூரையைப் பிரிக்கப் போகிற ஆண்டில் இதையும் செய்துவிடுங்கள். இதற்காக மட்டும் பிரிக்க வேண்டாம்.

காற்று: இருப்பதைப் பிடிப்பதும், இல்லாதபோது உண்டாக்குவதும்

நங்கூரத்தில் நிற்கும் படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பிக்கொள்ளும். முன்பக்கம் பார்த்துத் திறக்கும் ஹாட்ச் ஒன்று இருந்தால் போதும், காற்று உள்ளே பாய்ந்து பின்பக்க வாசல் வழியாக வெளியேறும். அந்த ஹாட்சுக்கு மேலே, வீசும் காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் துணிப்பையான ஒரு காற்றுப்பையைத் தொங்கவிட்டால் இன்னும் அதிகம் இறங்கும். அரை மீட்டர் சதுர ஹாட்ச் வழியாக விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்று நுழைந்தால், 25 கன மீட்டர் கொள்ளளவுள்ள கேபினின் மொத்தக் காற்றும் ஒரு நிமிடத்துக்குள் மாறிவிடும். எந்தச் சிறு மின்விசிறியாலும் இது முடியாது. ஒரு துண்டுத் துணிக்கு இந்தப் பலன்! வெளியேறும் வழி மட்டும் அடைபட்டிருக்கக் கூடாது. பின்பக்கம் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, முன்னால் காற்றுப்பை வேலை செய்யவில்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு.

மரினாவில், அதாவது படகுகளை வரிசையாகக் கட்டி நிறுத்தும் துறையில், இந்தச் சங்கதி எதுவும் செல்லாது. படகைக் கட்டிய திசையிலேயே அது நிற்கும். காற்று பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரும், பக்கத்துப் படகுகள் அதையும் மறைக்கும். எந்தத் திசைக் காற்றையும் பிடிக்கும் நாலு பக்கக் காற்றுப்பை விற்கிறார்கள். ஒரு திசைப் பையைவிடச் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும், இருந்தாலும் அங்கே அதுதான் தோது.

டோரேட் பெட்டி என்பது வேறு ரகம். 1930-இல் நீரில் இறங்கிய ‘டோரேட்’ என்ற பந்தயப் படகிலிருந்து வந்த பெயர். காற்றை விட்டு, தண்ணீரைத் தடுத்து வடித்துவிடும் பெட்டி அது. காற்றுப்பையோடு ஒப்பிட்டால் அதன் அளவு கொஞ்சம்தான். ஆனால் அலை தெறிக்கும்போதும் மூடத் தேவையில்லாத ஒரே வழி அதுதான். பூட்டிவிட்டுப் போன படகில் பூசணம் பிடிக்காமல் காப்பதும் இதே பெட்டிதான்.

கொசுவலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாட்சின் வாயிலேயே வலையை இறுக்கிப் போட்டால் காற்று கணிசமாகக் குறையும். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளுக்கான நெருக்கமான வலை என்றால் இன்னும் மோசம். வலையின் பரப்பைப் பெரிதாக்குங்கள். ஹாட்சின் மேல் கூடாரம் போல உயர்த்திப் போடலாம். வாசலுக்குப் பதில் காக்பிட் முழுவதையும் வலையால் சூழலாம். அதே வலைதான், பரப்பு பல மடங்கு ஆவதால் காற்று தாராளமாக நுழையும்.

இனி மின்விசிறி. காற்றே இல்லாத இரவில் வேறு வழி இல்லை. படகுக்கென்று வரும் சிறிய 12 வோல்ட் விசிறிகள் 0.3 ஆம்பியர் அளவே இழுக்கும். மூன்று விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 7 ஆம்பியர்-மணி. எந்தப் பழைய பேட்டரியும் தாங்கும். விசிறி காற்றைக் குளிர்விக்காது. உடம்பை ஒட்டி நிற்கும் சூடான, ஈரமான காற்றை விலக்கி, வேர்வையை ஆற வைக்கிறது. அதனால் அது உங்கள் மேல் படும் இடத்தில் இருக்க வேண்டும். கேபினுக்கு ஒன்று என்று கணக்குப் போடாமல், தலையணைக்கு ஒன்று என்று கணக்குப் போடுங்கள். அடுப்படியில் ஒன்று, வரைபட மேசை அருகே ஒன்று. வாங்கும்போது வேகத்தைவிடச் சத்தத்தைப் பாருங்கள். காதுக்கு ஒரு முழம் தள்ளி விடிய விடிய ஓடப்போகிற பொருள் அது.

ஆசை காட்டும் குறுக்கு வழிகள்

பனிக்கட்டிப் பெட்டியில் விசிறியைப் பொருத்திய ‘ஏசி’ அடிக்கடி கண்ணில் படும். 10 கிலோ பனிக்கட்டி முழுவதும் உருகினாலும் எடுக்கும் சூடு 3340 கிலோஜூல். 12,000 பி.டி.யு. ஏசி அதைப் பதினாறு நிமிடத்தில் செய்துவிடும். அந்தப் பனிக்கட்டியைப் படகிலேயே உறைய வைத்திருந்தால், ஃப்ரிட்ஜ் அதைவிட அதிகச் சூட்டைக் கேபினுக்குள் ஏற்கெனவே விட்டிருக்கும். விட்டுவிடுங்கள்.

ஈரத் திண்டு வைத்த ஏர் கூலர், காற்று வறண்ட இடங்களில் உண்மையிலேயே நல்ல பொருள். 35 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், ஆவியாதலால் காற்றை 22 டிகிரி வரை இறக்க இடமிருக்கிறது. 32 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் எல்லை 29 டிகிரி. கடலில் பெரும்பாலும் இரண்டாவது நிலைதான். கிடைக்கும் மூன்று டிகிரிக்காக மெத்தை, துணிமணி எல்லாம் நமுத்துப்போகும்.

ஏசி: எங்கே நியாயம், எங்கே தண்டம்

மேலே சொன்ன எதுவும் காற்றின் ஈரத்தைக் குறைக்காது. ஏசி மட்டும்தான் குறைக்கும். காற்று நின்றுபோய், ஈரம் கெட்டியாக இருக்கும் இரவுகளில் விசிறி வேர்வையை ஆற வைக்க முடியாமல் திணறும். கைக்குழந்தையோ, வயதானவரோ, உடல்நிலை சரியில்லாதவரோ படகில் இருந்தால் அங்கே சிக்கனம் பேசக் கூடாது.

மூன்று விதம் இருக்கிறது. படகோடு பொருத்தும், கடல் தண்ணீரால் குளிர்விக்கப்படும் ஏசி முறையானது. 12,000 பி.டி.யு. என்றால் 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றும். அதற்கு ஏறக்குறைய 1 கிலோவாட் மின்சாரம் கேட்கும். கரை மின்சாரத்தில் இது ஒன்றுமில்லை. 230 வோல்ட், 16 ஆம்பியர் இணைப்பு 3.6 கிலோவாட் தரும். அதையே இன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 90, 100 ஆம்பியர் இழுக்கும். 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் காலி. மேலே சொன்ன மூன்று விசிறிகளை அதே பேட்டரி கிட்டத்தட்ட ஒரு மாத இரவுகளுக்கு ஓட்டும்.

பராமரிப்பையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் உறிஞ்சும் வாயில் பாசியும் ஜெல்லி மீனும் வந்து அடைக்கும். வடிகட்டிக் கூடையைத் திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் துண்டு, பச்சைச் சகதி, சில சமயம் உயிரோடு ஒரு குட்டி நண்டு. தண்ணீர் குறைந்ததும் கம்ப்ரஸர் சூடாகித் தானே நின்றுவிடும். அது பெரும்பாலும் நடுராத்திரியில்தான் நடக்கும். பம்பை நீர்மட்டத்துக்குக் கீழே வைக்க வேண்டும். குழாயில் காற்று புகுந்தால் அது தண்ணீர் எடுக்காது. ஏசியில் சொட்டும் நீரைப் பில்ஜில் (படகின் அடிக்குழி) விட்டால் நாற்றம் பிடிக்கும், தனி வடிகால் கொடுங்கள்.

இரண்டாவது, வீட்டு ஜன்னல் ஏசியை வாசலில் பொருத்துவது. பார்க்க அசிங்கம், உள்ளே போய் வர இடைஞ்சல், ஆனால் விலை குறைவு, படகில் ஓட்டை போட வேண்டாம், 500 வாட் சுமாருக்கு 5000 பி.டி.யு. கிடைக்கும். மரினாவில் ஒரு கோடையை ஓட்டிவிட வேண்டும் என்பவருக்கு இதையே சொல்வேன். அவசரத்தில் வெளியேற இன்னொரு வழி, அதாவது முன் ஹாட்ச், உள்ளிருந்து தடங்கலின்றித் திறக்க வேண்டும்.

மூன்றாவது, சக்கரம் வைத்த, ஒரே குழாயுள்ள போர்ட்டபிள் ஏசி. இது கேபின் காற்றையே உறிஞ்சிச் சூடாக்கி வெளியே தள்ளுகிறது. வெளியேறிய காற்றுக்கு ஈடாக ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் வெளி அனல் உள்ளே வரும். படகில் இடுக்குக்குப் பஞ்சமில்லை. ஜன்னல் ஏசி கிடைக்கிற இடத்தில் இதை வாங்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நங்கூரத்தில் ஏசி வேண்டும் என்று பெட்ரோல் ஜெனரேட்டரைக் காக்பிட்டில் வைத்து, ஓடவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஹாட்ச் எல்லாம் சாத்தியிருந்தாலும் உள்ளே வரும். பக்கத்துப் படகின் புகையும் வரலாம். அதை உணர்ந்து அலறும் கருவி, ஏசி உள்ள எந்தப் படகிலும் படுக்கை அருகே இருக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலும் நங்கூரத்தில் தூங்குபவர் என்றால் பந்தல், காற்றுப்பை, தலையணைக்கு ஒரு விசிறி. இதற்கு மேல் பணம் இருந்தால் பேட்டரியில் போடுங்கள். பெரிய லித்தியம் பேட்டரியும் நிறைய பேனலும் ஏற்கெனவே இருக்கிறது என்றால், ஒரே ஒரு படுக்கை அறைக்கு மட்டும் சிறிய டி.சி. ஏசி (இன்வெர்ட்டர் இல்லாமல் பேட்டரியிலேயே நேராக ஓடுவது) வைப்பது இப்போது சாத்தியம்தான். 400 வாட் அளவில் ஓடுவது ஆறு மணி நேரத்துக்கு 2.4 கிலோவாட்-மணி கேட்கும். மறுநாள் வெயிலில் அதைத் திருப்பி நிரப்ப முடியுமா என்று முதலில் பாருங்கள்.

மரினாவில் வசிப்பவருக்கு ஏசி நேர்மையான தேர்வு. அதற்காகப் பந்தலை விட்டுவிட வேண்டாம். வெயில் டெக்கில் விழாவிட்டால் 16,000 பி.டி.யு. கேட்கும் இடத்தில் அதைவிடச் சிறியதே போதுமானதாக இருக்கலாம். அளவில் பெரிய ஏசி சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரம் இருக்காது. குளிர்ந்தும் பிசுபிசுக்கிற கேபினுக்குக் காரணம் அதுதான்.

எங்கே தங்கினாலும் மாலையில் எஞ்சினை நெடுநேரம் ஓட்டிவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். 80 டிகிரி வரை சூடேறிய அந்த இரும்பு, படிக்கட்டுக்குப் பின்னால் இருந்தபடி மணிக்கணக்கில் ஆறும், அத்தனையும் உங்கள் கேபினுக்குள். சமையலை முடிந்தால் காக்பிட்டுக்கு மாற்றுங்கள்.

பாய் விரித்துத் தொலைதூரம் போகிறவர்கள் நிலைமை தனி. பூம் ஆடும், பந்தல் கட்ட முடியாது. அலை தெறிக்கும், ஹாட்ச் திறக்க முடியாது. சாய்ந்து போகும் படகில் ஏசியின் பம்ப் காற்றை விழுங்கும். அப்போது மிஞ்சுவது டோரேட் பெட்டியும், ஹாட்சின் மேல் இழுத்துப் போட்ட வெளித் துணியும், படுக்கைக்கு அருகே ஒரு விசிறியும்தான். பகலில் காவல் முடித்து வந்து தூங்குபவர் முன் கேபினை மறந்துவிட்டு, நடுக் கேபினில் தரையை ஒட்டிய படுக்கைக்கு வர வேண்டும். கூரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பது அந்த இடம்தான். அங்கே விசிறிக்கு ஒரு மின் இணைப்பு கொடுத்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.